உவர்மலையிலிருந்து ரொறன்ரோவுக்குத் தனியாக: முதல் தடவை விமானம் ஏறப் பயப்படும் ஓர் அம்மாவுக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். வயது 57. திருகோணமலை உவர்மலையில் வீடு. ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு ஐப்பசியில் முதல் பிரசவம். வீசா வந்துவிட்டது, மருமகன் டுபாய் வழியாக டிக்கட்டும் போட்டுவிட்டார், புரட்டாதிக் கடைசியில் பயணம். வீட்டுக்காரருக்கு வர முடியாத நிலை, அதனால் தனியாக. இதுவரை கொழும்பைத் தாண்டிப் போனதில்லை. ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிப்பீர்கள், கதைக்க வராது. டிக்கட் வந்த நாளிலிருந்து சரியான நித்திரை இல்லை. மகளிடம் சொன்னால் இந்த நேரத்தில் அவள் கவலைப்படுவாள் என்று சொல்லவும் இல்லை. போகாமலே விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறீர்கள். இந்தப் பயம் போக என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

நான் திருகோணமலை நகரத்தில் டிக்கட் போடும் இடம் ஒன்றில் 22 வருடம் வேலை செய்தவள். அதில் முதல் ஏழு வருடம் விமானத்துக்குள் கால் வைத்ததே இல்லை. சீனன்குடாப் பக்கம் இறங்கும் விமானங்களை அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் மேசைக்கு முன்னால் இருப்பவர்களிடம், "ஜன்னலோரம் கேளுங்கோ, வடிவாய் இருக்கும்" என்று பெரிய அனுபவசாலி மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

1999இல் சூரிச்சில் இருக்கும் அண்ணாவிடம் போக வாய்த்தது. அந்த நாளில் நம்மூரிலிருந்து கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போய்ச் சேருவதே ஒரு வெளிநாட்டுப் பயணம். சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறி, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் பொலிஸ் பதிவோடு இரண்டு இரவு தங்கிப் போனேன். அதற்கெல்லாம் பயப்படவில்லை, அது பழகிப்போன விஷயம். நான் பயந்தது விமானத்தின் கழிப்பறைக் கதவுக்கு.

சிரிக்காதீர்கள். அந்தக் கதவில் நமக்குத் தெரிந்த மாதிரிக் கைபிடி இல்லை. ஒருமுறை எழும்பிப் போய் முன்னால் நின்றேன். இழுத்துப் பார்க்க ஒன்றுமில்லை, தள்ளினால் அசையவில்லை. பின்னால் ஒருவர் வந்து நின்றதும், இடுப்பை நிமிர்த்த வந்தவள் மாதிரி இரண்டு தரம் நெளிந்துவிட்டு இடத்துக்குத் திரும்பிவிட்டேன். டுபாய் வரைக்கும் நாலரை மணித்தியாலம், ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், குளிரில் நடுங்கிக்கொண்டு அடக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு சிங்கள அம்மா எழும்பிப் போனபோது பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கதவின் நடுவில் கையை வைத்து அமுக்கினார். அது புத்தகம் மூடுவது போல இரண்டாக மடிந்து உள்ளே போனது. அவ்வளவுதான். உள்ளே போனதும் மங்கலான வெளிச்சம் இருக்கும். கொண்டியை ஒரு பக்கம் தள்ளிப் பூட்டினால்தான் பெரிய லைட் எரியும், வெளியிலும் ஆள் இருப்பதாகக் காட்டும். பட்டனை அமுக்கும்போது "புஸ்" என்று ஒரு பெரிய சத்தம் வரும். காற்றால் இழுக்கும் சத்தம் அது. எதையும் உடைத்துவிட்டோம் என்று பதறத் தேவையில்லை. நான் பதறினேன்.

பிறகு யோசித்துப் பார்த்தால், அன்று எனக்கு விமானம் விழும் என்ற பயம் மருந்துக்கும் இருக்கவில்லை. "டிக்கட் போடுகிற ஆளுக்கு இதுகூடத் தெரியாதா" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதுதான். அங்கே என்னை யாருக்குத் தெரியும்? இருந்தும் வெட்கம்.

அதன் பிறகு முதல் தடவை போகிறவர்களைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். பயம் என்று அவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் வெட்கம். மூதூர்ப் பக்கத்து மீன்பிடிக்காரர் ஒருவர் இருந்தார். இரவில் தனிய வள்ளத்தை எடுத்துக்கொண்டு ஆழ்கடலுக்குப் போகிறவர். மாறி ஏறும் இடத்தில் முதலில் யாரோ காட்டிவிட்ட கேட்டுக்கு, அதாவது விமானத்தில் ஏறும் வாசலுக்கு, முன்னாலேயே கடைசிவரை உட்கார்ந்திருந்தார். கேட் மாறிவிட்டது. ஆட்கள் எழும்பிப் போவதைப் பார்த்தாராம், தன்னுடைய ஆட்கள்தானோ என்று சந்தேகமும் வந்ததாம். "கேட்க ஒரு மாதிரி இருந்தது அக்கா" என்றார். விமானம் போய்விட்டது. கடலுக்குப் பயப்படாத மனிதர், ஒரு சீருடைப் பிள்ளையிடம் "இது எங்கே" என்று கேட்கப் பயந்தார்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை பெட்டி அடுக்குவது இல்லை. இன்றைக்கே மகளுக்குக் கோல் எடுத்து, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். அவள் கவலைப்படுவாள்தான். ஆனால் அம்மாவின் குரலில் ஏதோ பிசகு என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். மகள்மாருக்குத் தெரியும். சொன்னால்தான் அவள் விமானக் கொம்பனியோடு கதைத்து உங்களுக்கு உதவி ஆள் போடலாம், ஒவ்வொரு இடத்தையும் போனில் விளக்கலாம்.

உதவி ஆள் என்றதும் வீல்செயர் ஞாபகம் வரும். கொழும்பு, டுபாய், ரொறன்ரோ மூன்று இடத்திலும் அது இலவசம், பயணத்துக்கு இரண்டு நாளாவது முன்னதாகச் சொல்லிப் பதிந்துவிட வேண்டும். நம்மவர்களில் நல்ல காலோடு நடக்கிறவர்களும் வரிசையில் நிற்காமல் போவதற்காக இதைக் கேட்பது எனக்குப் பிடிக்காத விஷயம், உண்மையில் நடக்க ஏலாதவர்கள் அதனால் காத்திருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு முழங்கால் வலி இருந்தால், அதிக தூரம் நடந்தால் மூச்சு வாங்கினால், தயங்காமல் கேளுங்கள். டுபாயில் நடை கொஞ்சமில்லை, சில கேட்டுகளுக்குப் போக உள்ளுக்குள்ளேயே ரயில் ஏற வேண்டும். வீல்செயர் எடுத்தாலும் இரண்டு விஷயம். பாஸ்போட்டும், விமானத்தில் ஏறக் காட்டும் சீட்டான போடிங் பாஸும் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும், தள்ளுகிறவர் கேட்டால் காட்டி உடனே வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் இருத்திவிட்டு அரை மணி வராவிட்டால் கை காட்டிக் கூப்பிடுங்கள், "மறந்துவிட்டார்களோ" என்று மனதுக்குள் அழுதுகொண்டிருக்காதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. அங்கே உங்களை உங்கள் பெயரால் கூப்பிட மாட்டார்கள். பாஸ்போட்டில் குடும்பப் பெயர் என்று இருப்பது உங்கள் அப்பாவின் பெயரோ வீட்டுக்காரரின் பெயரோ. அந்தப் பெயரைத்தான், அதுவும் பாதியாக நெரித்து, ஒரு பலகையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "அந்த ஆளைத் தேடுகிறார்கள் போல" என்று பார்த்துக்கொண்டே கடந்து போன அம்மாமாரை எனக்குத் தெரியும். பாஸ்போட்டில் இருக்கும் பெயரும் டிக்கட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள். பிழை இருந்தால் இப்போது திருத்துவது சுலபம், கட்டுநாயக்காவில் நின்றுகொண்டு திருத்துவது தலைவலி.

எயார்போட்டைப் பற்றி. ஒரே பெரிய காடாக அதை மனதில் வைத்திருப்பதால்தான் மிரட்டுகிறது. உள்ளே போனால் ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள்தான், கோணேசர் கோவிலுக்குப் போகிற மாதிரி. கோட்டை வாசல், மான் நிற்கிற இடம், செருப்பு விடுகிற இடம், பிறகு கோபுரம். எந்த வாசலிலும் அடுத்த வாசல் எது என்று தெரிந்தால் போதும். கட்டுநாயக்காவில் வாசலிலேயே பாஸ்போட்டும் டிக்கட்டும் பார்த்து, பெட்டிகளை ஸ்கேன் பண்ணுவார்கள். பிறகு விமானக் கொம்பனியின் மேசை. அங்கே பெரிய பெட்டியை நிறுத்து வாங்கிக்கொண்டு போடிங் பாஸ் தருவார்கள். டிக்கட் ஒரே டிக்கட் என்றால் கொழும்பு–டுபாய், டுபாய்–ரொறன்ரோ இரண்டுக்கும் அங்கேயே தந்துவிடுவார்கள், பெட்டியும் நேரே ரொறன்ரோவுக்குப் போய்விடும். இதை வாய்விட்டுக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்: "பெட்டி ரொறன்ரோவுக்கா?" இந்தக் கேள்விக்கு ஆங்கிலம் தேவையில்லை, பெட்டியைக் காட்டி ஊரின் பெயரைச் சொன்னால் போதும். தரும் சிறிய ஒட்டுத்துண்டைக் கவனமாக வையுங்கள், பெட்டி வராவிட்டால் அதுதான் சாட்சி. அடுத்தது குடியகல்வு அதிகாரி, முத்திரை. அடுத்தது கேட்டுக்குப் போகுமுன் இன்னொரு சோதனை. அங்கே தண்ணீர்ப் போத்தலை எடுத்துவிடுவார்கள். 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட எந்தத் திரவமும் கைப்பையில் போகாது. லண்டனிலிருந்து போகும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கப் போட்ட திட்டம் ஒன்று 2006இல் பிடிபட்ட பிறகு வந்த விதி அது. நல்லெண்ணெய், ஊறுகாய் எல்லாம் அதில் அடங்கும். அவை பெரிய பெட்டிக்குள். அதற்கு மாறாக, போனுக்குச் சார்ஜ் போடும் பவர்பேங்க் பெரிய பெட்டியில் போகவே கூடாது, கைப்பையில்தான்.

சேலை கட்டிப் போவதா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் விருப்பம். ஆனால் நம்மூரில் நகரும் படியில் ஏறிப் பழகியவர்கள் குறைவு, சேலைக் கரை அதன் பல்லில் மாட்டுவது நடக்கிற விஷயம். பஞ்சாபி போட்டால் காலும் ஆறுதல், கழிப்பறையும் ஆறுதல். நகரும் படிக்குப் பயமென்றால் எல்லா இடத்திலும் பக்கத்தில் லிப்ட் இருக்கும். பாரமான தாலிக்கொடியை வீட்டில் வைத்துவிட்டு மெல்லிய சங்கிலியோடு போங்கள். சோதனை வாசலில் சத்தம் போட்டால் ஒரு பெண் அதிகாரி வந்து கையால் தடவிப் பார்ப்பார். அதோடு முடிந்தது.

இனி விமானம். ஓடும்போது நிலத்தில் வரும் அதிர்வு கந்தளாய்க்கு இந்தப் பக்கம் பழைய றோட்டில் பஸ் போன மாதிரி இருக்கும். மேலே எழும்பின கொஞ்ச நேரத்தில் காலுக்குக் கீழே "டொக்" என்று கேட்கும், சில்லுகளை உள்ளே மடிக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் போல ஆனதும் இரைச்சல் சட்டென்று குறையும், விமானம் தளர்ந்து கீழே போகிற மாதிரி வயிற்றுக்குள் ஒரு உணர்வு வரும். முதல் தடவை போகிற எல்லாரும் கைபிடியை இறுக்கும் இடம் இதுதான். எழும்புவதற்குக் கொடுத்த முழுப் பலம் இனித் தேவையில்லை என்று எஞ்சினைக் குறைக்கிறார்கள், அவ்வளவே. இரவு என்பதால் உள்ளே லைட்டையும் மங்க வைத்திருப்பார்கள். ஏதும் நடந்தால் இருட்டுக்குக் கண் பழகியிருக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கை, எல்லா விமானத்திலும் செய்வது.

ஆட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மூதூருக்கு லாஞ்சில் போயிருக்கிறீர்களா? வாடைக்காற்று நாளில் கொட்டியாரக் குடாவில் அது எப்படித் தூக்கிப் போடும்? ஓட்டுகிறவர் பீடி பிடித்தபடி நிற்பார், நாங்கள்தான் முருகா முருகா என்றிருப்போம். அதே கதைதான். காற்றுக்கும் அலை உண்டு. இறக்கை ஜன்னலால் பார்த்தால் மேலும் கீழும் வளையும், அது வளையத்தான் செய்திருக்கிறார்கள். இறக்கைக்கு நேரான இருக்கைகளில் ஆட்டம் கொஞ்சம் குறைவு, மருமகனிடம் சொன்னால் இருக்கையை மாற்றித் தருவார். ஆட்கள் நடக்கும் வழியோரத்து இருக்கை கேளுங்கள். ஜன்னலோரம் வடிவுதான், ஆனால் ஒவ்வொரு தரமும் இரண்டு பேரை எழுப்பிக் கழிப்பறைக்குப் போக வெட்கப்பட்டு, என்னைப் போலத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவீர்கள்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது விளையாட்டில்லை. டுபாயிலிருந்து ரொறன்ரோ கிட்டத்தட்ட 14 மணித்தியாலம். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலையில் இருப்பது போலத்தான், அதாவது நுவரெலியாவுக்கும் பேதுருதாலகாலை உச்சிக்கும் இடையில் எங்கோ உட்கார்ந்திருக்கிறீர்கள். காற்று மட்டும் நுவரெலியா மாதிரி ஈரமில்லை, காய்ந்து கிடக்கும். தொண்டை வறளும், உதடு வெடிக்கும். அசையாமல் நெடுநேரம் இருந்தால் காலில் இரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. மணிக்கு ஒருமுறையாவது பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், இரண்டு மணிக்கு ஒருமுறை எழும்பி நடந்துவிட்டு வாருங்கள். "ஒரு நித்திரைக் குளிசை போட்டால் போய் இறங்கும்வரை தெரியாது" என்று யாரும் தந்தால் வாங்காதீர்கள். மருந்து மயக்கத்தில் அசையாமல் கிடப்பதும் நல்லதல்ல, டுபாயில் அரை நித்திரையில் கேட் தேடுவதும் நல்லதல்ல. கீழே இறங்கத் தொடங்கும்போது காது அடைக்கும். வாயில் ஒரு டொபி போட்டு விழுங்கிக்கொண்டே இருங்கள், அந்த நேரத்தில் மட்டும் நித்திரை கொள்ள வேண்டாம்.

புரட்டாதிச் சனி விரதக்காரர் என்பதால் சாப்பாடு பற்றி யோசிப்பீர்கள். சைவச் சாப்பாட்டை டிக்கட்டிலேயே பதியலாம், ஒரு நாளாவது முந்திப் பதிய வேண்டும். மருமகனுக்கு இரண்டு நிமிட வேலை. பிரஷர், சீனி மருந்துகள் எல்லாம் டொக்டரின் துண்டோடு கைப்பையில் இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர் என்றால் அதைப் பெரிய பெட்டிக்குள் வைக்கவே கூடாது, கீழே பொதி அறையில் உறைந்து கெட்டுப்போகலாம்.

டுபாய். இறங்கியதும் கூட்டத்தில் பாதி வெளியே போகும் பக்கம் போகும், பாதி மாறி ஏறும் பக்கம் போகும். நீங்கள் இரண்டாவது பாதி. "கனெக்ஷன்ஸ்" என்று பலகையில் இருக்கும். அந்தச் சொல் எப்படி இருக்கும் என்று மகளிடம் பெரிதாக எழுதி வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள். அங்கே மறுபடியும் ஒரு சோதனை இருக்கும், "நான்தான் கொழும்பிலேயே காட்டினேனே" என்று குழம்ப வேண்டாம். பிறகு பெரிய திரையில் உங்கள் விமான எண்ணைத் தேடுங்கள். ஊரின் பெயரைத் தேட வேண்டாம், எண்ணைத் தேடுங்கள். எதிரே ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும், அதுதான் கேட். எண் வாசிக்கத் தெரிந்தவருக்கு டுபாயில் பாஷை தேவையில்லை. பஸ் நிலையத்தில் கூவி அழைப்பது போல அழைப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். கேட் மாறலாம், ஆகவே கேட்டில் போய் இருந்த பிறகும் அரை மணிக்கு ஒருமுறை திரையைப் பாருங்கள். புறப்பட 20 நிமிடம் இருக்கும்போது மூடிவிடுவார்கள். கடைகளைப் பார்க்கும் ஆசை இருந்தால் கேட்டைக் கண்டுபிடித்த பிறகு.

போன் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், இது தெரியாமல் பதறியவர்கள் நிறைய. டுபாய் எயார்போட்டில் வைபை இலவசம். ஆனால் அந்த நாட்டில் வட்ஸ்அப்பில் கோல் பெரும்பாலும் எடுபடாது, அது அங்கே உள்ள கட்டுப்பாடு. எழுத்தும் குரல் செய்தியும் போகும். நீங்கள் கோல் எடுத்துப் பார்த்துவிட்டு "லைன் இல்லை, தனித்துப் போனேன்" என்று கலங்குவீர்கள், அங்கே மகள் "அம்மாவைக் காணோம்" என்று கலங்குவாள். இப்போதே பேசி வையுங்கள்: டுபாயில் கோல் இல்லை, "கேட்டுக்கு வந்திட்டன்" என்று ஒரு குரல் செய்தி மட்டும்.

ஆங்கிலத்துக்கு ஒரு வழி. மகளிடம் ஒரு தடித்த அட்டையில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதி வாங்குங்கள்: நான் ரொறன்ரோவுக்குப் போகிறேன், எனக்கு ஆங்கிலம் வராது, என் கேட்டைக் காட்டுங்கள், மகளின் தொலைபேசி எண் இது. போனில் இல்லை, அட்டையில். போன் சார்ஜ் இறங்கும், அட்டை இறங்காது. சங்கடமாக இருக்கும் இடத்தில் சீருடை போட்ட ஒருவரிடம் அட்டையை நீட்டுங்கள். ஒரு நாளைக்கு அவர்கள் இப்படி எத்தனை அட்டை பார்த்திருப்பார்கள்! வீட்டிலேயே நீட்டிப் பழகுங்கள் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் நான் ஒரு ஆச்சியை என் மேசைக்கு முன்னால் நிறுத்தி மூன்று தரம் நீட்ட வைத்தேன். முதல் தரம் கை நடுங்கியது, மூன்றாம் தரம் என்னை அதட்டுவது மாதிரி நீட்டினா.

ரொறன்ரோவில் அதிகாரி என்ன கேட்பார் என்பதுதான் உங்கள் கடிதத்தில் அதிகம் இருந்தது. ஏன் வந்தீர்கள், எவ்வளவு நாள், எங்கே தங்குவீர்கள், என்ன கொண்டுவந்தீர்கள். இவ்வளவுதான் பெரும்பாலும். உங்களுக்கு யாரோ, "பிள்ளை பார்க்க வந்தேன் என்று சொல்லாதே, வேலைக்கு வந்ததாக எடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கதை நம்மூரில் வருடக்கணக்காக உலவுகிறது. சம்பளம் வாங்காமல் மகளின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக ஒரு தாய் வருவதைக் கனடா வேலை என்று எடுப்பதில்லை. உள்ளதைச் சொல்லுங்கள்: மகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, உதவிக்கு வந்திருக்கிறேன், இந்தத் திகதியில் திரும்புகிறேன். சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்தால் குழந்தைச் சட்டையும் சரக்குத்தூளும் இருந்தால்தான் சந்தேகம் வரும். திரும்பும் டிக்கட்டின் பிரதி, மகளின் விலாசம், அவள் எழுதிய அழைப்புக் கடிதம் மூன்றையும் ஒரு உறையில் கைப்பையில் வையுங்கள். விளங்கவில்லை என்றால் "தமிழ்" என்று சொல்லுங்கள். விளங்காத கேள்விக்குத் தலையாட்டுவதுதான் ஆபத்து. நம்மவர்களுக்கு மரியாதைக்காக எதற்கும் "யெஸ்" என்று தலையாட்டும் பழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் கட்டுநாயக்காவிலேயே விட்டுவிடுங்கள்.

சாமான் பற்றி. சரக்குத்தூள், மிளகாய்த்தூள், ஒடியல் மா எல்லாம் வீட்டுப் பையில் கட்டாமல், கடையில் ஆங்கிலப் பெயர் அச்சடித்த பைக்கற்றாக வாங்கிப் பெரிய பெட்டியில் வையுங்கள். பெயரில்லாத பழுப்புத் தூளை எந்த நாட்டு அதிகாரிக்கும் விளக்குவது கஷ்டம். இறைச்சி, பால் சாமான், விதை, மண் ஒட்டிய கிழங்கு, பச்சை இலை இவற்றில் கனடா கடுமை. முருங்கை விதையைச் சேலை மடிப்புக்குள் வைக்கும் யோசனை வேண்டாம். சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் "ஓம்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் மிஞ்சிப்போனால் எடுத்துக் குப்பையில் போடுவார்கள். மறைத்துப் பிடிபட்டால் தண்டம் 1,300 டொலர் வரைக்கும் போகும். அப்புறம், பயணக் காப்புறுதி. மகள் அங்கே வரி கட்டினாலும் வந்துபோகும் உங்களுக்கு அந்த மாகாணத்தின் மருத்துவக் காப்பு இல்லை, ஒரு இரவு ஆஸ்பத்திரியில் படுத்தால் வரும் பில் மருமகனைப் படுக்க வைத்துவிடும். புறப்படுமுன் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

நித்திரை வராத இரவுகளுக்கு நான் பெரிய மந்திரம் எதுவும் தர மாட்டேன். நெஞ்சு படபடத்தால் மூச்சை நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு ஏழு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். விடும் மூச்சு நீளமாக இருந்தால் படபடப்பு இறங்கும். ஆனால் அதைவிடப் பலன் தருவது பழகிப் பார்ப்பது. பயம் போன பிறகு போகலாம் என்று இருந்தால் அது போகாது, ஒதுங்க ஒதுங்கப் பெரிதாகும். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஒரு தரம் இரவு ரயிலில் தனியக் கொழும்புக்குப் போய் வாருங்கள். வீட்டுக்காரர் நிலையத்தில் ஏற்றிவிடட்டும், அங்கே சொந்தக்காரர் ஒருவர் காத்து நிற்கட்டும், நடுவில் நீங்கள் மட்டும். கொழும்பில் ஒரு பெரிய கடையில் நகரும் படியில் நாலு தரம் ஏறி இறங்குங்கள். டுபாய் எயார்போட்டில் இறங்கி மாறி ஏறுவதை நடந்தபடியே படம் எடுத்து யூடியூப்பில் நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள், இரண்டு மூன்று பாருங்கள். கண்ட இடத்துக்குத்தான் போகிறோம் என்று இருக்கும். பார்க்கக் கூடாதது விமான விபத்துப் படங்கள். கேட்கக் கூடாதது ஒரே ஒரு தடவை போய்வந்த பெரியம்மாமாரின் கதைகள். அவர்களுக்கு நடந்த ஒரு பிரச்சினையைப் பத்தாக்கிச் சொல்வதில் ஒரு சந்தோஷம் உண்டு.

கடைசியாக, எயார்போட்டுக்குப் போகும் வான் வண்டி விஷயம். டிக்கட்டில் புறப்படும் நேரம் அதிகாலை 2.55 என்று எழுதியிருக்கிறீர்கள், திகதி 10. அப்படியென்றால் 9ஆம் திகதி மத்தியானம் நீங்கள் வீட்டிலிருந்து புறப்பட வேண்டும், 10ஆம் திகதி இல்லை. தம்பலகாமத்துக் குடும்பம் ஒன்று பத்தாம் திகதி என்று நினைத்து, பத்தாம் திகதி இரவு கட்டுநாயக்காவில் போய் நின்றது. விமானம் போய் ஒரு நாள் ஆகியிருந்தது. ஆகவே நாட்காட்டியில் 9ஐ வட்டம் போடுங்கள். இரவு பதினொரு மணிக்கு முன்னால் அங்கே நிற்க வேண்டும். சாப்பாடு, தேத்தண்ணிக்கு நிற்பது எல்லாம் சேர்த்து ஏழு மணித்தியாலம் வையுங்கள். அதோடு ஹபரணைப் பக்கம் இருட்டுக்கு முன் தாண்டிவிட்டால் யானைப் பயமும் இல்லை. மத்தியானம் 2 மணிக்கு வான் வாசலில் நிற்கட்டும். வானுக்குள் நீங்கள், வீட்டுக்காரர், இன்னும் இரண்டு பேர் போதும். பதினொரு பேர் போய் எயார்போட் வாசலில் கட்டிப்பிடித்து அழுதால், உள்ளே போகும்போது உங்களுக்குக் கண்ணே தெரியாது, பலகை எங்கே தெரியப்போகிறது? அழுகிறவர்களுக்கு பத்திரகாளி அம்மன் கோவிலடியிலேயே அழுது முடிக்கச் சொல்லுங்கள். வான்காரருக்கு இந்தக் கிழமையே சொல்லி வையுங்கள்.